அம்மாவின் சர்க்கரைக்கு யார்: பெரிய மருத்துவமனையா, குடும்ப டாக்டரா?

அம்மாவுக்கு 58 வயதில் சர்க்கரை என்று தெரிந்தது. வெறும் வயிற்றில் 168, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c 8.4 சதவீதம். உறவுக்காரர்கள் எல்லோரும் சொன்னதால், சர்க்கரைக்கென்றே இருக்கும் பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு ஒன்றரை வருஷம் போனோம். அப்புறம் எங்கள் குடும்ப டாக்டரிடமே திரும்பிவிட்டோம். இப்போது மூன்றாவது வருஷம்.

பெரிய இடத்தின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ரத்தம், சிறுநீரில் புரதம், விழித்திரை, பாத நரம்பு என எல்லாவற்றையும் ஒரே காலையில் பார்த்துவிடுவார்கள். குடும்ப டாக்டரிடம் விழித்திரையைப் பார்க்கும் கருவி கிடையாது. வருஷம் ஒருமுறை கண் மருத்துவமனைக்கு நாங்களேதான் ஞாபகமாகப் போகவேண்டும்.

என்னைத் திருப்பியது ஒரு வெள்ளிக்கிழமை. மருத்துவமனையில் ஒவ்வொரு தடவையும் வேறு டாக்டர். சராசரி குறையவில்லை என்று ஒருவர், அம்மா எடுத்துவந்த மெட்ஃபார்மின் மாத்திரையோடு கிளிமெபிரைடு என்ற இன்னொரு மாத்திரையைச் சேர்த்தார். எண்ணை மட்டும் பார்த்தால் அது தப்பில்லை. ஆனால் அந்த மாத்திரை, நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். அம்மா வெள்ளிதோறும் சாயங்காலம் வரை விரதம். யாரும் கேட்கவில்லை; விரதத்தையெல்லாம் டாக்டரிடம் சொல்லவேண்டும் என்று அம்மாவுக்கும் தோன்றவில்லை. பதினொரு மணிக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியது. குளுக்கோமீட்டரில் 54. தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 88. அந்தக் கால் மணி நேரத்தை என்னால் மறக்க முடியாது.

மறுநாள் குடும்ப டாக்டர் சீட்டைப் பார்த்ததுமே, "வெள்ளிக்கிழமை நீங்க சாப்பிட மாட்டீங்களேம்மா" என்றார். இருபது வருஷமாக எங்கள் வீட்டைப் பார்ப்பவர். கிளிமெபிரைடை நிறுத்தி வில்டாகிளிப்டின் என்ற வேறு மாத்திரை கொடுத்தார். அது பெரும்பாலும் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறும்போதுதான் வேலை செய்யும் என்பதால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும் ஆபத்து குறைவு. 2019 கடைசியில் காப்புரிமை முடிந்து அதன் விலையும் நன்றாக இறங்கியிருந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. மருத்துவமனையில் கடைசியாக எடுத்த சராசரி 6.9, இப்போது 7.1. எண்ணில் அவர்கள்தான் முன்னால். ஆனாலும் ஒருமுறைகூடச் சர்க்கரை அப்படி இறங்காமல் வரும் 7.1 போதும் என்கிறார் டாக்டர். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

அரசு வழியும் இருக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சித்திக்கு வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அவருக்குத் திருப்திதான், எனக்கு நேரடி அனுபவம் இல்லை. இன்சுலின் கட்டத்துக்கு அம்மா இன்னும் வரவில்லை, அதனால் அதில் எது மேல் என்று நான் சொல்வது முறையாகாது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறினாலோ, காலில் ஆறாத புண் வந்தாலோ, கர்ப்பகாலச் சர்க்கரை என்றாலோ, யோசிக்காமல் பெரிய இடத்துக்குத்தான் போகவேண்டும். எங்கள் டாக்டரும் அதையே சொல்லியிருக்கிறார்.

அப்புறம், எல்லாக் குடும்ப டாக்டர்களும் ஒன்றல்ல. எங்களவர் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது அம்மாவைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, நைலான் இழையால் பாதத்தில் தொட்டு உணர்ச்சி பார்ப்பார். சிறுநீர்ப் பரிசோதனைத் தேதியை நோட்டில் குறித்துவைப்பார். உங்கள் டாக்டர் சர்க்கரை எண்ணை மட்டும் கேட்டுவிட்டுப் பழைய மாத்திரையையே திரும்ப எழுதுகிறார் என்றால், மருத்துவமனைக்கே போங்கள். விரதத்தை மட்டும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.