‘பி’யில் நிற்காத பழைய கார்: ‘கியர்பாக்ஸ் போச்சு’ என்றதும் பணம் கட்டிவிடாதீர்கள்

பழைய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். லீவரை ‘பி’யில் (பார்க், அதாவது நின்ற வண்டியைப் பூட்டும் நிலை) போட்டும் ஒரு வண்டி உருண்டது. ஒர்க்‌ஷாப்பில் பார்த்தவர்கள், “கியர்பாக்ஸ் உள்ளே போய்விட்டது, முழு ஓவர்ஹால்” என்றார்கள். கிளட்ச் பிளேட், பேண்ட், சீல் கிட், டார்க் கன்வர்ட்டர் என்று எல்லாவற்றுக்கும் பில் வந்தது. திரும்பி வந்த சில நாளிலேயே வண்டி மறுபடி சரிவில் நகர்ந்தது. அடியில் படுத்துப் பார்த்தால், லீவரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் ராடின் முனையில் இருக்க வேண்டிய சின்ன நைலான் புஷ் (மூட்டு ஆடாமல் பிடிக்கும் வளையம்) உதிர்ந்து போயிருந்தது. அந்த ஆட்டத்தால், லீவர் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் பழைய டயலில் முள் ‘பி’க்குக் கொஞ்சம் தள்ளி நின்றிருக்கிறது. புஷ்ஷை மாற்றாமல், முள்ளை மட்டும் தளர்த்தி ‘பி’க்கு நேராக வைத்து அனுப்பிவிட்டார்கள்.

பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முள்ளை நகர்த்தியது ஆளைக் கொல்லக்கூடிய வேலை. ஏன் என்று புரிய, பார்க் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் ஷாஃப்டில் ஒரு பல்சக்கரம் இருக்கும். அதன் அருகே, ஒரு பின்னில் தொங்கும் இரும்பு நாக்கு. ‘பி’யில் போட்டதும் ஸ்பிரிங் ஏற்றிய ஒரு ராட் அந்த நாக்கைத் தள்ளிப் பல் இடுக்கில் செருகுகிறது. அவ்வளவுதான் பார்க். ஆயில் அழுத்தத்துக்கோ கிளட்சுக்கோ பேண்டுக்கோ இதில் எந்த வேலையும் இல்லை. ஆகவே வண்டி முன்னும் பின்னும் வழுக்காமல் இழுக்கிறது, கியர் ஒழுங்காக மாறுகிறது, பார்க் மட்டும் நிற்கவில்லை என்றால், அதற்காக கிளட்ச் பிளேட் மாற்றச் சொல்பவருக்கு ஒன்று விஷயம் தெரியவில்லை, இல்லை உங்களை ஏமாற்றுகிறார்.

இப்போது முள் விஷயம். கியர்பாக்ஸுக்குள் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பள்ளம் வெட்டிய தகடு உண்டு. அதில் ஒரு உருளையோ குண்டோ ‘டக்’கென்று விழுந்து உட்காரும். லிங்கேஜில் (லீவரை கியர்பாக்ஸோடு இணைக்கும் ராடுகளிலும் மூட்டுகளிலும்) ஆட்டம் இருந்தால், மேலே லீவர் ‘பி’யில் இருப்பதுபோலத் தெரியும், கீழே உருளை பார்க்குக்கும் ரிவர்ஸுக்கும் நடுவிலுள்ள மேட்டில் நிற்கும். நாக்கு பல்லில் இறங்கியிருக்காது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஓட்டுநர் இறங்கிக் கதவை அறைந்து சாத்துகிறார் என்று வையுங்கள். அந்த அதிர்வே போதும். உருளை ரிவர்ஸ் பக்கம் சரிந்து, வண்டி தானாகப் பின்னால் கிளம்பிவிடும். அமெரிக்காவில் 1966 முதல் 1980 வரை வந்த ஃபோர்டு ஆட்டோமேட்டிக் வண்டிகள் மீது இதே புகார்தான் எழுந்தது. அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை விசாரித்தது. 1980 கடைசியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, வண்டிகளைத் திரும்ப அழைக்காமல், சுமார் 2.3 கோடி வண்டிகளுக்கு எச்சரிக்கை ஸ்டிக்கர் அனுப்பினார்கள். ‘பி’யில் போடு, ஹேண்ட் பிரேக் போடு, எஞ்சினை அணை என்பதுதான் அதன் சாரம். லிங்கேஜ் தேய்ந்த எந்தப் பழைய காருக்கும் இது பொருந்தும்.

கியர்பாக்ஸ் போய்விட்டதற்கு ‘ஆதாரம்’ என்று சில விஷயங்களைக் காட்டுவார்கள். அவற்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் பின்பக்கம் முழுவதையும் தூக்கிவிட்டு, ‘பி’யில் போட்டு, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றிக் காட்டுவார்கள். சுற்றத்தான் செய்யும். சாதாரண டிஃபரன்ஷியலில் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி), கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் பூட்டியிருந்தாலும், ஒரு சக்கரம் முன்னால் சுற்றினால் மற்றது பின்னால் சுற்றும். பார்க்க வேண்டியது ஷாஃப்டை. அது அசையவில்லையென்றால் பார்க் பிடித்திருக்கிறது.

சம்பைக் (கியர்பாக்ஸின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) கழற்றி அடியில் படிந்த சாம்பல் நிறக் குழம்பைத் தொட்டுக் காட்டுவார்கள். பல வருடம் ஓடிய எந்த கியர்பாக்ஸிலும் மெல்லிய படிவு இருக்கும். கவலைப்பட வேண்டியது கருகிய வாடை அடிக்கும் கறுத்த ஆயிலுக்கும், கையில் தட்டுப்படும் இரும்புத் துண்டுகளுக்கும்தான். காந்தத்தில் ஒட்டும் உடைந்த பல் கிடைத்தால் நாக்கோ பல்சக்கரமோ உடைந்திருக்கலாம்.

மூன்றாவது இன்னும் கொடுமை: பார்க்கே இல்லாத வண்டிக்கு ‘பார்க் ரிப்பேர்’. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் வந்த ஹைட்ராமேட்டிக்கில் ‘பி’ கிடையாது. எஞ்சினை அணைத்து ரிவர்ஸில் போட்டால்தான் பூட்டும். கிரைஸ்லர் 1956 மாடல்களில் கொண்டுவந்த பொத்தான் வைத்த கியர்பாக்ஸ்களிலும் தொடக்க ஆண்டுகளில் பார்க் இல்லை. வண்டியின் மேனுவலை முதலில் புரட்டுங்கள்.

அடுத்து, நீங்களே செய்து பார்க்கக்கூடியது. சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை போட்டு, பின் ஆக்சிலை ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். ஒருவர் உள்ளே லீவரை மெதுவாக நகர்த்த, மற்றவர் கீழே ராடின் ஒவ்வொரு மூட்டையும் பாருங்கள். லீவர் நகர்ந்தும் ராட் நகராத இடத்தில் புஷ் தேய்ந்திருக்கிறது. லீவர் ஸ்டீயரிங் தண்டில் இருந்தால், அந்தத் தண்டின் அடிப்புற புஷ்ஷையும் பாருங்கள். எஞ்சின் மவுண்ட் ரப்பர் கிழிந்திருந்தாலும் இதே கோளாறு வரும். எஞ்சின் அசையும்போது லிங்கேஜும் இழுபடும். மவுண்டை மாற்றாமல் லிங்கேஜைச் சரிசெய்வது வீண்.

புது புஷ் போட்டதும் சரிக்கட்டும் நட்டைத் தளர்த்தி, கியர்பாக்ஸ் பக்கத்து லீவரைக் கையால் பார்க் கோடிக்கே தள்ளுங்கள். ‘டக்’கென்று உட்காரும். ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் சுற்றிப் பூட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே லீவர் ‘பி’யில் இருக்க, ராடை வலிந்து இழுக்காமல் நட்டை இறுக்குங்கள். சில வண்டிகளுக்கு இதையே ‘டி’யிலோ நியூட்ரலிலோ வைத்துச் செய்யச் சொல்லியிருக்கும், அப்போது மேனுவல் சொல்வதுதான் முறை. டயல் முள்ளைத் தொடுவது எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில்.

கையால் பார்க்கில் தள்ளியும் ஷாஃப்ட் பூட்டவில்லையென்றால்தான் கோளாறு உள்ளே. அப்போதும் சில கியர்பாக்ஸ்களில் சம்பைக் கழற்றினாலே ராடும் அதைத் தாங்கும் பிராக்கெட்டும் தெரியும். சிலவற்றில் டெயில் ஹவுசிங்கை (கியர்பாக்ஸின் பின்முனைக் கூடு) கழற்ற வேண்டும். கிளட்சுகளைப் பிரிக்கத் தேவையில்லை. நாக்கின் முனை மழுங்கியிருந்தால் வெல்டிங் வைத்து ராவித் தரச் சம்மதிக்காதீர்கள். அது கடினப்படுத்திய எஃகு. வெல்டிங் சூட்டில் அந்தக் கடினம் போய்விடும், ஒரு நாள் உடையும். நாக்கையும் திருப்பியிழுக்கும் ஸ்பிரிங்கையும் புதிதாகப் போடுங்கள். பல்சக்கரத்தின் விளிம்பும் உருண்டிருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். ஸ்பிரிங் விட்டுப்போனால் ஓடும்போதே நாக்கு பல்லில் தட்டி ‘கடகட’வென்று சத்தம் வரும்.

பணம் கொடுப்பதற்கு முன், கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். பிறகு லேசான சரிவில் ஒரு சோதனை. சக்கரத்துக்கு ஓர் அடி தள்ளிக் கட்டை, வண்டிக்கு முன்னும் பின்னும் ஆள் இருக்கக்கூடாது. ‘பி’யில் போட்டு எஞ்சினை அணைத்து, காலை பிரேக்கிலேயே வைத்து ஹேண்ட் பிரேக்கை விடுங்கள், பிறகு காலை மெதுவாக எடுங்கள். சில அங்குலம் நகர்ந்து ‘டொக்’கென்று நின்றால் சரி, நாக்கு அடுத்த பல் இடுக்குக்கு வரும்வரை நகர்வது இயல்பு. வண்டியைத் திருப்பி நிறுத்தி மறுபடி செய்யுங்கள்; ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த நாக்கு ஒரு திசையில் பிடித்து மறு திசையில் விட்டுவிடும். கடைசியாக, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு நிலையிலும் சாவியைத் திருப்பிப் பாருங்கள். பார்க்கிலும் நியூட்ரலிலும் தவிர வேறெதிலும் ஸ்டார்ட்டர் சுற்றினால், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு லிங்கேஜையும் ஸ்டார்ட்டர் சுவிட்சையும் சரிசெய்யச் சொல்லுங்கள்.