கண்ணால் பார்ப்பதா, திரையில் காட்டுவதா?

அருங்காட்சியக முற்றத்தில் வான்நோக்கு இரவு நடத்தும் ஆர்வலர்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று, அமெரிக்க வானியல் ஆர்வலர் ஜான் டாப்சன் பிரபலமாக்கிய எளிய டாப்சோனியன் தொலைநோக்கி. வானத்தின் நகர்வைப் பின்தொடர அதில் சாதாரணமாக மோட்டார் இருக்காது. 100 மடங்கு உருப்பெருக்கத்தில் சனி ஓரிரு நிமிடத்தில் பார்வையை விட்டு நகர்ந்துவிடும். கையால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வரிசையும் மெதுவாகத்தான் நகரும்.

இன்னொன்று, கேமரா பொருத்தித் திரையில் காட்டுவது. கூட்டம் மொத்தமும் சேர்ந்து பார்க்கலாம், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் சிரமமில்லை. கண்ணுக்குச் சாம்பல் புகையாகத் தெரியும் ஓரியன் நெபுலா என்ற விண்மேகம், திரையில் சிவக்கும்.

சரி, நெபுலாவுக்குத் திரை. நிலவுக்கும் சனிக்கும் என் ஓட்டு கண்ணுக்குத்தான். திரையில் வளையத்தைக் காட்டினால், "நெட்டில் எடுத்த படமா?" என்பார்கள். நேரில் பார்த்த குழந்தையோ, குழாயின் முன்னால் சனி படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று தேடும்.