860 வெள்ளிக்கு மரத்தூள் மேசை: பினாங்கில் தளவாடம் வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஜெலுத்தோங் வீட்டுச் சமையலறையில் ஓர் ஆள் நிற்கத்தான் இடம். அம்மா காய் நறுக்கவும் மாவு அரைக்கவும் வசதியாகச் சக்கரம் வைத்த கிச்சன் ஐலண்ட் (தனியாக நிற்கும் சமையலறை மேசை) வாங்கலாம் என்று, போன மாதம் பாலத்துக்கு அப்பால் பிறை ஊர்ப் பக்கம் ஒரு தளவாடக் கடைக்குப் போனேன். மேசை 780, கொண்டுவந்து பொருத்த 80. மொத்தம் 860 வெள்ளி (ரிங்கிட்).

கடைப் பையன் நம் தமிழ்ப் பிள்ளை. "தட்டிப் பாருங்கக்கா, முழுக்க ரப்பர் மரம். அம்மா கிரைண்டரையே தூக்கி வைக்கலாம்" என்றான். தட்டினேன், கெட்டிக் கட்டைச் சத்தம். விளிம்பில் மரத்தின் வரி மேலிருந்து பக்கவாட்டில் இறங்கி ஓடியதையும் பார்த்தேன். "எனக்கும் அம்மா இருக்காங்கக்கா, பொய் சொல்வேனா?" என்றான். அந்த ஒரு சொல்லில் விழுந்துவிட்டேன். அங்கேயே கைப்பேசியில் 860 வெள்ளியையும் கட்டினேன். ரசீதில் 'டிராலி மேசை 1' என்று மட்டும் இருந்தது.

வந்தது வேறு சாமான், பெட்டியில் கட்டி. பொருத்த வந்தவர் டிரில்லால் அரை மணி நேரத்தில் முடுக்கிவிட்டுக் கிளம்பினார். மரக்குச்சி இரண்டும் திருகு நான்கும் மிச்சம் கிடந்தன. கேட்டேன். "ஸ்பேர்" என்றார்.

பதினாறாம் நாள், கிரைண்டர் இருந்த மேசையை அம்மா அடுப்புப் பக்கம் நகர்த்தினார். ஒரு சக்கரம் மடங்கி மேசை சாய்ந்தது. அம்மா காலை இழுத்துக்கொண்டதால் தப்பித்தார். தரையெல்லாம் உளுந்து மாவு.

மேசையைக் கவிழ்த்துப் பார்த்தேன். சக்கரத்தின் தகடு நான்கு திருகோடும் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. திருகின் மரையெல்லாம் தேங்காய்த் துருவல் போல மரத்தூள். மேல்பலகையின் ஓரத்தில் மரவரி அச்சடித்த தாள் உரிந்து, ஈரம் பட்ட இடம் பாலில் ஊறிய ரொட்டியாக உப்பியிருந்தது. ரப்பர் மரமாம்! மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை அது. அதில் திருகு ஒருமுறை பிடுங்கிக்கொண்டால் அதே ஓட்டையில் மறுபடி சரியாகப் பிடிக்காது.

படம் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. மறுநாள், சக்கரத்துக்கு வாரண்டி இல்லையாம். அப்புறம், நாங்கள் தரையை அதிகமாகக் கழுவினோமாம். அப்புறம், சப்ளையரைக் கேட்க வேண்டுமாம். நேற்று பாலம் தாண்டி நேரிலேயே போனேன். அந்தப் பையன் என்னைப் பார்த்ததும் ஸ்டோருக்குள் நுழைந்துகொண்டான். முதலாளி, "நீங்க பார்த்தது டிஸ்ப்ளே, அது வேற மாடல்" என்றார். 860 வெள்ளியை வாங்கும்போது அதை ஏன் சொல்லவில்லை?

எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படிப் பராமரிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனம் ஓடவில்லை. மேசையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், தாள் ஒட்டாத மரம் அங்கேதான் தெரியும். எந்த மரம், எந்த மாடல் என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். பொருத்தியவர் போவதற்குள் சக்கரங்களைப் பூட்டி ஆட்டிப் பாருங்கள். அதுவரை முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போட 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம். என் 860 வெள்ளிக்குத் திங்கட்கிழமை மனு போடுகிறேன். அந்தச் சக்கரத்தையும் நான்கு திருகையும் தூள் உதிராமல் பையில் கட்டி வைத்திருக்கிறேன்.