மலிவு விலை கிரிஸ்டல்: பொருள் வந்து சேர்ந்த பிறகு ஏமாந்த கதை

நான் பாஸ்வேர்டு கொடுக்கவில்லை. ஓடிபி கொடுக்கவில்லை. எந்த லிங்க்கையும் அழுத்தவில்லை. காசு அனுப்பிய பத்து நிமிடத்தில் கேட்ட பொருளும், அதாவது போன் விளையாட்டுக்குள் செலவழிக்கும் கிரிஸ்டல் என்ற நாணயமும், வந்து சேர்ந்தது. அப்படியும் ஏமாந்தேன். எப்படி என்று எனக்கே புரிய ஒரு மாதம் ஆனது.

விளையாட்டின் பெயர் வேண்டாம். விண்கலம், ரோபோ, சீட்டுக்கட்டு எல்லாம் கலந்த ஆக்‌ஷன் ரகம். உட்கார்ந்து யோசித்துச் சீட்டு இறக்கும் ஆட்டம் இல்லை. எதிரி சுடச்சுடக் கட்டம் விட்டுக் கட்டம் தாவிக்கொண்டே கையில் இருக்கும் சீட்டைப் போட வேண்டும். ஒவ்வொரு சண்டை முடிந்ததும் புதுச் சீட்டு ஒன்று கிடைக்கும். கிடைக்கிறதே என்று எல்லாவற்றையும் சீட்டுக்கட்டில் சேர்த்தால் நல்ல சீட்டு கைக்கு வரவே வராது. சிங்கப்பூரில் ஈசூனில் ரயில் ஏறினால் ஜூரோங் ஈஸ்ட் வரை எனக்கு இதுதான் வேலை. கிராஞ்சி தாண்டி இயூ டீ வருவதற்குள் பெரிய எதிரியோடு ஒரு பாஸ் சண்டையை முடித்துவிடலாம். போனில் விட்ட இடத்தில் இருந்து வீட்டுக் கணினியில் தொடரலாம், இரண்டுக்கும் ஒரே கணக்குதான். அப்போது அது வசதியாகத் தெரிந்தது.

இந்த வகை ஆட்டத்துக்குக் கிரிஸ்டல் அவசியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2008இல் வந்த டொமினியன் என்ற மேசை விளையாட்டில் இருந்து வளர்ந்த வகை இது. 2019இல் முழுமையாக வெளியான ஸ்லே த ஸ்பயர் என்ற கணினி விளையாட்டை ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் அதோடு சரி. ஆனால் நான் மாட்டிக்கொண்டது இலவசமாகத் தொடங்கி, அரிய சீட்டுக்குக் கிரிஸ்டல் கேட்கும் ரகம். பெரிய கிரிஸ்டல் பொதியின் விலை 129 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். இரண்டு வாரச் சாப்பாட்டுக் காசு.

பழைய பொருள் வாங்கி விற்கும் செயலி ஒன்றில் அதே பொதியை 75 வெள்ளிக்கு ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். இருநூறுக்கும் மேல் மதிப்புரை, எல்லாம் ஐந்து நட்சத்திரம். பேச்சுக் கொடுத்தேன். என் பெயரைப் பார்த்ததும் "அண்ணே" என்று தமிழிலேயே ஆரம்பித்துவிட்டார். பாதிச் சந்தேகம் அங்கேயே போய்விட்டது, வெட்கத்தோடுதான் சொல்கிறேன். "பாஸ்வேர்டு எல்லாம் வேணாம்ணே, உங்க ஐடி நம்பர் மட்டும் குடுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில் மீதிச் சந்தேகமும் போனது. விளையாட்டு நிறுவனமே நடத்தும் இணையக் கடையில் ஐடி எண்ணைப் போட்டு யாருடைய கணக்குக்கும் யாரும் கிரிஸ்டல் வாங்கிக் கொடுக்கலாம் என்பது எனக்கும் தெரியும்.

முதலில் 20 வெள்ளிக்குச் சின்னப் பொதி ஒன்று வாங்கிச் சோதித்தேன். வந்தது. அடுத்து 75 வெள்ளி. அதுவும் வந்தது. பேநவ் என்ற வங்கிப் பணப்பரிமாற்றச் சேவையில் அனுப்பும்போது திரையில் வேறு பெயர் வந்தது. கேட்டேன். "நண்பன் அக்கவுண்டுண்ணே" என்றார். அனுப்பினேன். அன்றைக்கே மதிப்புரை எழுதினால் இரண்டு வெள்ளி திருப்பித் தருவதாகச் சொன்னார். எழுதினேன். இரண்டு வெள்ளியும் வந்தது! இவ்வளவு நாணயமான ஆளா என்று என் அக்கா மகனுக்கும் சிபாரிசு செய்தேன். அவன் உயர்நிலை மூன்றில் படிக்கிறான். தீபாவளிக்குச் சேர்ந்த காசில் 40 வெள்ளியைக் கொடுத்தான்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, உட்லண்ட்ஸ் தாண்டும்போது விளையாட்டைத் திறந்தேன். கிரிஸ்டல் இருந்த இடத்தில் மைனஸ் போட்டு ஒரு பெரிய எண். கீழே சிவப்பு எழுத்தில், கணக்கு முடக்கப்பட்டது. இரவு கணினியில் திறந்தாலும் அதே சிவப்பு. இரண்டு வருடம் சேர்த்த சீட்டுகள், இரண்டு இடத்திலும் ஒரே நாளில் போயின. மறுநாள் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, எனக்கும் மைனஸ் காட்டுது." வேறு எதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நடந்தது இதுதான். அந்த ஆள் திருட்டுக் கடன் அட்டையில் கிரிஸ்டல் வாங்கி என் கணக்கில் ஏற்றியிருக்கிறார். அட்டைக்கு உரியவர் மாதக் கணக்கைப் பார்த்து, இது நான் வாங்கவில்லை என்று வங்கியில் முறையிடுவார். வங்கி விளையாட்டு நிறுவனத்திடம் இருந்து பணத்தைப் பிடுங்கிக்கொள்ளும். நிறுவனம் கிரிஸ்டலைப் பிடுங்கிக்கொள்ளும். அதை நான் ஏற்கெனவே செலவழித்துவிட்டதால் மைனஸ். இப்படி முறையிடப் பொதுவாக 120 நாள் வரை அவகாசம் உண்டு. அவருடைய இருநூறு மதிப்புரைகளையும் அப்புறம் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாமே பொருள் வந்த அன்றைக்கே எழுதியவை. என்னுடையதும்தான்.

விற்றவருக்கு எழுதினேன். "வந்துச்சுல்லண்ணே? டீல் முடிஞ்சுது" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு என் செய்திகள் போய்ச் சேரவில்லை.

விளையாட்டு நிறுவனத்தின் உதவிப் பிரிவு இன்னொரு வேடிக்கை. நான்கு முறை எழுதினேன், நான்கு முறையும் ஒரே பதிலை ஒட்டி அனுப்பினார்கள். அங்கீகாரம் இல்லாதவரிடம் வாங்குவது விதிமீறலாம். சரி, விதியில் இருப்பது உண்மைதான், அதில் நான் வாதாட முடியாது. மைனஸைக் காசு கட்டி அடைக்கிறேன், கணக்கைத் திறந்துவிடுங்கள் என்று கேட்டேன். அதற்கும் அதே பதில். யாருடைய ஐடிக்கு யாருடைய அட்டையில் இருந்து காசு வருகிறது என்று அவர்கள் கடையில் சரிபார்த்திருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே நின்றிருக்கும். அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

மோசடி பற்றிக் கேட்கும் உதவி எண்ணான 1799க்கு அழைத்தேன். வங்கிக்குத் தெரிவிக்கவும் காவல்துறையில் புகார் கொடுக்கவும் சொன்னார்கள். சிங்பாஸ் என்ற அரசாங்க இணைய அடையாளக் கணக்கில் நுழைந்து இணையத்திலேயே புகார் கொடுத்தேன். பேநவ்வில் போன காசு உடனே போய்ச் சேர்ந்துவிடும், அனுப்பியவர் நினைத்தால் திரும்பாது. சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் 10 வெள்ளி கட்டி வழக்குப் போடலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். யார் மேல் போடுவது? என்னிடம் இருப்பது ஒரு புனைபெயரும் யாரோ ஒரு நண்பனுடைய வங்கிக் கணக்கும்.

என் 93 வெள்ளி போனது போகட்டும். அக்கா மகனுக்கு அவன் 40 வெள்ளியைக் கொடுத்துவிட்டேன். வாங்க மாட்டேன் என்றான், சட்டைப் பையில் திணித்துவிட்டு வந்தேன். என்னை இன்னும் உறுத்துவது அந்த மதிப்புரை. மாற்றவோ நீக்கவோ அந்தச் செயலி விடவில்லை. போன வாரம் முன்பின் தெரியாத ஒரு பையன், "அண்ணே, உங்க ரிவ்யூ பார்த்தேன், இவர்கிட்ட நம்பி வாங்கலாமா?" என்று கேட்டு எழுதியிருந்தான். அவனுக்குப் பதில் எழுதிய கையோடுதான் இதையும் எழுதுகிறேன்.

இப்படி யாரிடமாவது கடந்த நான்கு மாதத்துக்குள் வாங்கியிருந்தால், மீதி இருக்கும் கிரிஸ்டலைத் தொடாதீர்கள். நிறுவனம் திரும்ப எடுத்துக்கொண்டாலும் அந்த அளவுக்கு மைனஸ் குறையும். விற்றவரோடு பேசியதையும் பேநவ் ரசீதையும் இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விற்றவர் என்னை பிளாக் செய்தவுடன் அந்த ஆளின் பக்கமே எனக்குத் தெரியாமல் போய்விட்டது. புகாரோடு இணைக்க என்னிடம் பாதி உரையாடல்தான் இருந்தது.