மடக்கு வெப்பமானி: பிரியாணி மிஞ்சுகிற வீட்டுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடைகளில் சமையல் சாமான் வரிசையில் தொங்கும் சின்னக் கருவி இது. பேனாக்கத்தி மாதிரி விரியும். சுமார் 11 செ.மீ. எஃகு முள், ஒரு திரை, மூன்று பொத்தான், உள்ளே காசு வடிவ பேட்டரி. விலை 200 ரேண்டை ஒட்டி. பல பெயர்களில் வருகிறது, சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். மாட்டிறைச்சி எந்தச் சூட்டில் எந்தப் பதம் என்று அட்டையில் படம் போட்டிருக்கிறார்கள். பிராய், அதாவது தீயில் இறைச்சி சுடும் விருந்து, போடுகிறவர்களுக்கு அது போதும். கல்யாணம் முடிந்து அரைத் தேக்சா (பெரிய சமையல் பானை) பிரியாணி மிஞ்சிக் கிடக்கிற, டர்பனில் நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் வீட்டுக்கு அதில் ஒரு வரி இல்லை. இந்த முள்ளுக்கு நிஜமான வேலை அடுப்பை அணைத்த பிறகுதான் தொடங்குகிறது.

வாங்கியதும் சோதித்துவிடுங்கள். டம்ளர் நிறைய ஐஸ் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, முள் டம்ளரைத் தொடாமல் நடுவில் நிறுத்துங்கள். 0 காட்ட வேண்டும். 1 டிகிரி முன்பின் இருந்தால் பரவாயில்லை, 2 தாண்டினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். கொதிநீரில் சோதிப்பவர்களும் உண்டு. டர்பன் கடலோரம், 100 வரும். அதே கருவி லெனேசியாவில் 95-ஐத் தாண்டாது. ஜொகன்னஸ்பர்க் பக்கம் கடல் மட்டத்துக்கு 1,600 மீட்டர் மேலே இருப்பதால் தண்ணீர் அங்கே அந்தச் சூட்டிலேயே கொதித்துவிடும். கருவி மேல் பழி போடாதீர்கள்.

முள்ளின் உணர்வு நுனியில் ஒரு செ.மீ.யில்தான் இருக்கிறது. மேலாகக் குத்தினால் மேலே இருக்கும் சூட்டைத்தான் சொல்லும். பிரியாணிப் பானையின் ஓரம் வெதுவெதுப்பாகத் தெரியும்போது, நடுவில் ஆழமாக இறக்கிப் பார்த்தால் திரையில் 50-க்கு மேல் நிற்கும். மூடி போட்ட பெரிய பானை ராத்திரி முழுக்க மெல்லத்தான் ஆறும். 5 டிகிரிக்கும் 60-க்கும் இடைப்பட்ட சூடுதான் கிருமி பெருகும் இடம். இறைச்சிக் கறியில் வரும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸுக்கு 45-ஐ ஒட்டிய சூடு சொர்க்கம். சோற்றில் பாசில்லஸ் சீரியஸ் என்று ஒன்று உண்டு. அதன் வித்து கொதியிலும் சாகாது, சோறு மெல்ல ஆறும்போது முளைத்து நச்சைக் கக்கும். அந்த நச்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. காலையில் முள் 75 காட்டினாலும் ராத்திரி நடந்த தவறு அழியாது.

பரிமாறும் வரை 60-க்குக் கீழே விடாதீர்கள். பந்தி முடிந்ததும் மிஞ்சியதைச் சின்னப் பாத்திரங்களில் பிரிக்க ஆரம்பியுங்கள். 60-லிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்தில் இறங்க வேண்டும், அங்கிருந்து 5-க்கு இன்னும் நாலு மணி நேரம். மேசை மேல் திறந்து கிடந்த சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம்தான் கெடு, ஜனவரிப் புழுக்கத்தில் 32 டிகிரி தாண்டிய நாளில் ஒரு மணி.

நம் வீடுகளின் செல்லப் பாத்திரமான 2 லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவை இந்த முள் காட்டிக் கொடுத்துவிடும். கழுவி எடுத்து வைத்திருப்போம், விருந்தாளிக்குக் கட்டிக் கொடுக்கக் கச்சிதம். ஆனால் ஆழம் அதிகம். கெட்டியான சாப்பாட்டின் ஆழம் இரட்டித்தால் ஆறும் நேரம் ஏறக்குறைய நாலு மடங்கு ஆகும். அதே டப்பாவில் 5 செ.மீ. உயரம் மட்டும் நிரப்புங்கள், அல்லது அகலத் தட்டில் பரப்புங்கள். மூடியைக் கொஞ்சம் விலக்கி, ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆறின பிறகு மூடி, அப்புறம் அடுக்கலாம். பருப்பு மாதிரி நீர்த்ததைப் பானையோடு ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிக் கிளறினால் சீக்கிரம் ஆறும்.

திரும்பச் சூடாக்கும்போது நடுவில் 75 வர வேண்டும். மைக்ரோவேவில் பாதியில் கிளறி, எடுத்ததும் இரண்டு நிமிடம் விட்டு, மூன்று இடத்தில் குத்துங்கள். டர்பன் பிரியாணியில் உருளைக்கிழங்கைக் குத்திப் பாருங்கள், கடைசியாகச் சூடேறுவது அதுதான். எலும்பில் முள் பட்டால் கணக்கு தவறும். முழு முட்டையை மட்டும் தனியே எடுத்துவிடுங்கள், மைக்ரோவேவில் வெடிக்கும்.

லோட் ஷெட்டிங் சமயத்தில் இன்னொரு உபயோகம். திறக்காத ஃபிரிட்ஜ் 4 மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீஸர் 48 மணி, பாதி நிறைந்தது 24. கரண்ட் வந்ததும் கறியில் குத்திப் பாருங்கள். 5-க்கு மேல் ஏறி இரண்டு மணி ஆகியிருந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். சாதாரண நாளில் நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரை ராத்திரி வைத்துக் காலையில் அளந்தால் ஃபிரிட்ஜின் நிஜ குளிர் தெரியும். 4 அல்லது கீழே வந்தால் மிஞ்சியதை மூன்று நாள் வைக்கலாம், சோற்றை மறுநாளே முடித்துவிடுவது மேல்.

குறைகளும் உண்டு. ஹோல்ட் பொத்தான் தெரியாமல் அமுங்கினால் பழைய எண்ணே திரையில் உறைந்து நிற்கும், பானை ஆறிவிட்டது தெரியாது. இன்னொரு பொத்தான் ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றிவிடும். அப்போது காட்டும் 140 என்பது நம் 60. உடல் பிளாஸ்டிக், சூடான மூடி மேல் வைத்தால் உருகும். குழாய்த் தண்ணீரில் பிடித்தால் திரை போய்விடும். முள்ளை மட்டும் சோப்புத் துணியால் துடைத்து, ஸ்பிரிட்டால் ஒரு தடவை துடையுங்கள். பச்சைக் கோழியில் குத்தியதைக் கழுவாமல் வெந்த கறியில் விட்டால் நாமே கிருமியை ஊட்டியதாகும். இன்னொன்று, பொலோனி (வேகவைத்து விற்கும் தடித்த சாசேஜ்) மாதிரி அப்படியே தின்னும் இறைச்சிக்கு இது உதவாது. 2017–18-ல் இந்த நாட்டில் 1,060 பேரைப் பிடித்து 216 பேரைக் கொன்ற லிஸ்டீரியா என்ற கிருமி ஃபிரிட்ஜின் குளிரிலேயே வளரும்.

மாதம் ஒரு விருந்து நடக்கிற வீட்டுக்கு இது தாராளமாகப் போதும். கோயிலுக்கோ கேட்டரிங்குக்கோ தேக்சா கணக்கில் சமைப்பவர்கள், நீளக் கம்பியோடு வருகிற வகையை வாங்குங்கள். முள்ளைப் பானைக்குள் விட்டுவிட்டு, மூடியைத் திறக்காமலே வெளியே எண்ணைப் பார்க்கலாம்.