வீகெட்டின் சல்லடை: எதைத் தடுக்கிறது, எப்போது தடுக்கிறது

பிளஸ் டூ மாணவர்களுக்கு வீட்டில் கணிதம் சொல்லிக்கொடுக்கும் நான், பழைய வினாத்தாள்களைத் திரட்டுவதற்கு, குரோம்பேட்டையில் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை மட்டுமே நம்பி, இணையதளங்களின் இணைப்புகளைப் பின்தொடர்ந்து கோப்புகளை இறக்கும் கட்டளைவரிக் கருவியான க்னூ வீகெட்டைப் பயன்படுத்தி வருகிறேன். நாளொன்றுக்கு 2 ஜிபிதான் கிடைக்கும் என்பதால், இந்தக் கருவி எந்தக் கோப்பை எடுக்கிறது, எதை விடுகிறது என்பது எனக்கு முக்கியமானது.

பலரும் முதலில் நாடுவது, கட்டளையோடு சேர்த்து எழுதும் 'அக்செப்ட்' தெரிவைத்தான். அதில் பிடிஎஃப் என்று குறிப்பிட்டால், வேலை முடிந்தபின் அடைவில் (கோப்புறையில்) பிடிஎஃப் கோப்புகள் மட்டுமே இருக்கும். ஆனால் இணைப்புகளைத் தேடிச் செல்வதற்காக எச்டிஎம்எல் (இணையப்) பக்கங்களையும் வீகெட் இறக்கி, படித்து, அதன்பிறகே அழிக்கிறது. வட்டில் இடம் மிச்சமாகிறது, டேட்டா மிச்சமாவதில்லை. இந்த வேறுபாட்டை உணராமல், பக்கங்கள் மிகுந்த தளமொன்றில் ஒரு நாள் டேட்டா முழுவதையும் இழந்திருக்கிறேன்.

இன்னொரு வரம்பும் உண்டு. இந்தத் தெரிவு கோப்பின் பெயரை மட்டுமே பார்க்கிறது. முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்வரும் பகுதியைக் கணக்கில் கொள்வதில்லை. அதனால் இணைப்பு, தளத்தின் சர்வரில் இயங்கும் பிஎச்பி நிரல் ஒன்றைச் சுட்டி, வினாத்தாளின் பெயர் கேள்விக்குறிக்கு அப்பால் இருந்தால், நமக்கு வேண்டிய கோப்பே தவறிப்போகும். 1.14ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்ட 'அக்செப்ட்-ரெஜெக்ஸ்' இங்கேதான் கைகொடுக்கிறது. அது நாம் எழுதித் தரும் வடிவத்தோடு (ரெஜெக்ஸ்) முழு முகவரியையும் ஒப்பிட்டு, பொருந்தாததை இறக்குவதற்கு முன்பே தள்ளிவிடுகிறது. அதே காரணத்தால், வினாத்தாள்களுக்கு இட்டுச்செல்லும் இடைப்பக்கங்களின் முகவரிகளும் அந்த வடிவத்துக்குள் அடங்குமாறு எழுத வேண்டும். இல்லையேல் தேடல் வாசலிலேயே நின்றுவிடும். எழுதப் பொறுமை தேவைப்பட்டாலும், டேட்டாவை உண்மையாகவே காப்பது இந்தத் தெரிவு என்பதால் நான் இதையே பரிந்துரைப்பேன்.

மேலடைவுக்கு ஏறாமல் தடுக்கும் 'நோ-பேரண்ட்' தெரிவை ஒருபோதும் விடக் கூடாது. ஸ்கேன் செய்து ஏற்றிய தாள்களில் நீட்டிப்பு சில வேளை பெரிய எழுத்தில் இருப்பதால் 'அக்செப்ட்' தெரிவோடு, எழுத்தின் பெரிய, சிறிய வேறுபாட்டைப் பாராத 'இக்னோர்-கேஸ்' தெரிவும் தேவை. 'அக்செப்ட்' தெரிவில் நட்சத்திரக் குறியுள்ள வடிவங்களை மேற்கோள் குறிக்குள் இட வேண்டும். இடாவிட்டால், நடப்பு அடைவில் பொருந்தும் கோப்புகள் இருக்கும்போது ஷெல் (நாம் தட்டும் கட்டளையை வாங்கி இயக்கும் நிரல்) அவற்றின் பெயர்களை அங்கே நிரப்பிவிடும், வீகெட்டுக்கு நாம் எழுதிய வடிவம் போய்ச் சேராது.