கேமல்பேக்கா, பையெஸ்டெவாவா? அப்பாவோடு ஏற எந்த மலை?

பிப்ரவரியில் அப்பா மேலூரிலிருந்து அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகருக்கு வந்திருந்தார். காரிலிருந்து கேமல்பேக்கைப் பார்த்ததுமே "நம்ம ஆனைமலை மாதிரி இது ஒட்டகமாடா?" என்று கேட்டார், ஏறினால் அதில்தான் ஏற வேண்டும் என்று ஆசை. இரண்டு நாள் யோசித்துவிட்டு நான் பையெஸ்டெவாவுக்குத்தான் கூட்டிப்போனேன்.

உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கேமல்பேக் 2,700 அடி சொச்சம், பையெஸ்டெவா 2,600 சொச்சம். இரண்டிலும் உச்சிக்கு ஒரு வழி சுமார் 2 கிலோமீட்டர். பார்க்கிங் இரண்டிலும் திண்டாட்டம், கடும் வெப்ப எச்சரிக்கை நாட்களில் பகலில் இரண்டையும் மூடிவிடுவார்கள்.

என் கணக்கில் முடிவு செய்தது இறக்கம்தான். கேமல்பேக்கின் திமில் முழுக்க கிரானைட். எக்கோ கேன்யன் என்ற பாதையில் போனால் கம்பியைப் பிடித்து ஏறும் செங்குத்துகள், அதற்கு மேலே உருண்டு கிடக்கும் பெரிய பாறைகள். ஏறும்போது அந்தச் சொரசொரப்பு காலை நன்றாகப் பிடிக்கும். இறங்கும்போது அதே கல்லிலிருந்து உதிர்ந்த பருமணல் பாறை மேல் ஜவ்வரிசி கொட்டினது போலக் கிடக்கும், வைத்த கால் வழுக்கிக்கொண்டே போகும். போன வருடம் நான் பல இடங்களில் உட்கார்ந்து நகர்ந்துதான் இறங்கினேன், உள்ளங்கை முழுக்கச் சிராய்ப்பு. முட்டி வலி உள்ள அப்பாவை அங்கே எப்படிக் கூட்டிப்போவது?

பையெஸ்டெவாவில் சிஸ்ட் பாறை, தகடு தகடாகப் பெயரும், வெயில் பட்டால் மினுங்கும். பாதையில் பெரும்பகுதி கல்படி. ஒரு படி சாண் உயரம், அடுத்தது முழ உயரம் என்று இருந்தாலும் வைத்த கால் நிற்கும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மட்டும் கை ஊன்ற வேண்டியிருந்தது. கேமல்பேக்கின் இன்னொரு பாதையான சோயாவில் (Cholla) நான் ஏறியதில்லை, அதனால் நான் சொல்வது எக்கோ கேன்யனுக்கு மட்டும்தான்.

அப்புறம் பெயர். முன்பு பையெஸ்டெவாவுக்கு ஸ்குவா பீக் என்று பெயர், ஸ்குவா என்பது அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்களை இழிவாகச் சொல்லும் சொல். 2003 மார்ச்சில் இராக் போரில் இறந்த, ஹோப்பி என்ற பூர்வகுடி இனத்து ராணுவ வீராங்கனை லோரி பையெஸ்டெவாவின் பெயரை அதே ஆண்டு அரிசோனா மாநிலம் வைத்தது. இறந்து ஐந்து ஆண்டு ஆக வேண்டும் என்பது விதி என்பதால் மத்திய அரசு 2008இல்தான் ஏற்றது. அவசரப்பட்டு மாற்றினார்கள் என்று அன்று பெரிய சண்டை, இன்றும் பழைய பெயரையே சொல்பவர்கள் உண்டு, எனக்கு அது பொறுக்கவே இல்லை. பையெஸ்டெவா என்றால் ஹோப்பி மொழியில் பெருமழைக்குப் பிறகு பாலையில் தேங்கிய தண்ணீர் என்று பொருளாம். உச்சியில் உட்கார்ந்து இதைச் சொன்னதும் அப்பா அந்தப் பெயரை இரண்டு முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.